குளிர் அறைக் குழாயில் என்ன ஓடுகிறது?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் ஒரு காய்கறிச் சேகரிப்புக் கொட்டகை. சுற்று வட்டார உழவர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். பீன்ஸ், கேரட், முட்டைக்கோசு, குடைமிளகாய் எல்லாம் ரசாயனம் போடாமல் விளைந்தவை. சாயங்காலம் வந்து சேரும் சரக்கு இரவு குளிர் அறையில் இருந்துவிட்டு, விடிவதற்குள் ஜுஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு போய்விடும்.

போன கோடையில் அங்கே போயிருந்த அன்று குளிர் அறை வேலை செய்யவில்லை. மெக்கானிக் தம்பி வந்து மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

"கேஸ் இறங்கிடுச்சுண்ணா. பாதிதான் இருக்கு. இருக்கறத வெளிய விட்டுட்டு புதுசா ஆறு கிலோ ஏத்தணும்."

"போன வருசமும் இதையேதானே சொன்னீங்க?"

"ஆமாண்ணா. வருசா வருசம் ஏத்தறதுதான்."

சொல்லிக்கொண்டே வால்வைத் திறந்தார். புஸ்ஸென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. புகை இல்லை, நாற்றம் இல்லை. கண்ணும் எரியவில்லை. "அது ஒண்ணும் பண்ணாதுண்ணா, காத்தோட போயிடும்" என்றார். பக்கத்தில் நின்ற உருளையில் 'ஆர்-404ஏ' என்று எழுதியிருந்தது.

அந்தக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. பூச்சிக்கொல்லி இல்லை, களைக்கொல்லி இல்லை, யூரியா இல்லை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். மண்ணில் போடுகிற ஒவ்வொன்றையும் 'இது என்ன, எங்கிருந்து வருது' என்று கேட்கிற நாம், குளிர் அறைக் குழாயில் ஓடுவது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் குளிர் அறை கட்ட நினைக்கிற இந்த நேரத்தில் அதைக் கேட்டாக வேண்டும்.

கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை

முதலில் ஒரு தப்பான நினைப்பைத் தள்ளிவைப்போம். டிராக்டருக்கு டீசல் போடுவது போல குளிர் அறைக்கு கேஸ் போடுவதாகப் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. டீசல் எரிந்து தீரும். இந்த வாயு எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும்.

வேலை எளிதானது. அறைக்குள் இருக்கும் காயிலில் திரவமாக நுழைந்து ஆவியாகும். வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதே, அதே மாதிரி ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே இருக்கும் காயிலுக்குத் தள்ளும். அங்கே சூட்டைக் கக்கிவிட்டு மறுபடி திரவமாகும். மறுபடி உள்ளே போகும். குழாய் சரியாக இருந்தால் ஒருமுறை ஏற்றிய கேஸ் அந்த இயந்திரத்தின் ஆயுள் முழுக்க இருக்கலாம்.

ஆகவே 'கேஸ் இறங்கிடுச்சு' என்றால் 'கேஸ் கசிந்துவிட்டது' என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் ஏற்றினால் அதுவும் போகும். நம்ம ஊரில் மட்டும் இந்தக் கதை இல்லை. அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பதன அமைப்புகளில் ஆண்டுக்குச் சராசரியாக 25 சதவீதம் வாயு கசிவதாக அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது.

ஒன்றைத் தடுக்கப் போய் இன்னொன்று

பூச்சிக்கொல்லியின் கதை நமக்குத் தெரியும். ஒன்றைத் தடை செய்வார்கள், அதன் இடத்தில் இன்னொன்று வரும், பத்து இருபது வருசம் கழித்து அதுவும் கெட்டது என்பார்கள். குளிர்பதன வாயுக்களின் கதையும் அதேதான்.

முதல் தலைமுறை சி.எப்.சி. வாயுக்கள். 1930-ல் அமெரிக்காவில் அறிமுகமானபோது தீப்பிடிக்காது, மூச்சுக்கும் ஆபத்தில்லை என்று கொண்டாடினார்கள். 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இதிலுள்ள குளோரின் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டை கண்டறியப்பட்டது. 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. நம் நாட்டில் சி.எப்.சி. தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று காவிரிக்கரை மேட்டூரில் இருந்தது. 2008 ஆகஸ்டில் இந்தியா அந்த உற்பத்தியை நிறுத்தியது.

உழவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மண்ணிலுள்ள பூச்சி, பூஞ்சாணம், களை விதை எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொல்ல வெளிநாட்டு ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் ஏற்றிய மீத்தைல் புரோமைடு புகையும் ஓசோனைத் தின்கிற பொருள்தான். அதையும் இதே ஒப்பந்தம் கட்டுப்படுத்தியது.

இரண்டாம் தலைமுறை ஆர்-22. பழைய ஏசி, பழைய பால் குளிரூட்டும் தொட்டி, பழைய குளிர் அறை பலவற்றில் ஓடுவது இது. ஓசோனுக்குக் கேடு குறைவு, ஆனால் உண்டு. 2024 டிசம்பர் 31-உடன் இந்த வகை வாயுவை வைத்துப் புது இயந்திரம் தயாரிப்பது இந்தியாவில் நின்றுவிட்டது.

மூன்றாம் தலைமுறை எச்.எப்.சி. வாயுக்கள். அன்றைக்கு உருளையில் பார்த்த ஆர்-404ஏ, கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ, இன்றைய வீட்டு ஏசியின் ஆர்-32 எல்லாம் இந்தக் குடும்பம். குளோரின் இல்லாததால் ஓசோனை ஒன்றும் செய்யாது. விற்பவர்கள் 'ஓசோனுக்கு நண்பன்' என்று ஒட்டி விற்பது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. இவை பூமியைப் போர்வை போலப் போர்த்தி, சூட்டை வெளியே போக விடாமல் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயு செய்கிற அதே வேலையைப் பல நூறு முதல் சில ஆயிரம் மடங்கு வரை செய்யும்.

அதனால் 2016 அக்டோபரில் ருவாண்டா நாட்டின் கிகாலியில் உலக நாடுகள் மறுபடி கூடின. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் திருத்தம் செய்து எச்.எப்.சி.யையும் குறைப்பது என்று முடிவெடுத்தன. இந்தியா 2021-ல் ஒப்புதல் தந்தது. 2028-ல் உச்ச வரம்பு, 2032-ல் 10 சதவீதக் குறைப்பு, படிப்படியாக 2047-க்குள் 85 சதவீதக் குறைப்பு. இதுதான் நாம் ஏற்றுக்கொண்ட அட்டவணை. இன்றைக்கு வாங்குகிற குளிர் அறை இயந்திரம் பதினைந்து இருபது வருசம் ஓடும். அதற்குள் அதன் வாயு கிடைப்பது அரிதாகும், விலை ஏறும். ஆர்-22 வைத்திருப்பவர்கள் இதை இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏக்கர் கணக்கு

ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கைக் கணக்குப்படி, நூறு ஆண்டுக் காலத்தில் ஒரு கிலோ வாயு எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று பாருங்கள்:

ஆர்-404ஏ – 3,922
ஆர்-22 – 1,810
ஆர்-134ஏ – 1,430
ஆர்-32 – 675
புரொப்பேன் (ஆர்-290) – சுமார் 3
கரியமில வாயு (ஆர்-744) – 1
அம்மோனியா (ஆர்-717) – 0

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வரும். அப்படியானால் ஒரு கிலோ ஆர்-404ஏ கசிவது சுமார் 1,450 லிட்டர் டீசல் எரிப்பதற்குச் சமம். மணிக்கு 4 லிட்டர் குடிக்கிற டிராக்டர் என்று வைத்துக்கொண்டால் 360 மணி நேர உழவு. அது ஒரே ஒரு கிலோவுக்கு.

இதை நம் மண் கணக்கிலும் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் கரிமச் சத்தை 0.1 சதவீதம் கூட்டினால், காற்றிலிருந்து சுமார் 3 டன் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணில் வைத்ததாகும். 0.1 சதவீதம் கூட்டுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். மூடாக்கு, பலதானிய விதைப்பு, தொழுவுரம் என்று எத்தனை பருவம் உழைக்கணும்!

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் கசிந்ததும் திறந்துவிட்டதும் சேர்த்து ஆறு கிலோ. அதாவது சுமார் 23.5 டன். ஏழரை ஏக்கர் மண்ணில் நாம் அப்படிச் சேர்த்து வைத்தது ஒரே சீசனில் குழாய் வழியாகப் போய்விட்டது. சரக்கைக் கொண்டுவந்த சிறு உழவர்களில் பாதிப்பேருக்கு அவ்வளவு நிலமே கிடையாது.

மழையோடு இறங்குவது

'அதுதான் புது வாயு வந்துடுச்சே' என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். எச்.எப்.ஓ. என்று நான்காம் தலைமுறை. இதன் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு, சில நாட்களிலேயே காற்றில் சிதைந்துவிடும். நல்லதுதானே?

சிதைந்து என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. கார் ஏசியில் இப்போது புகுந்திருக்கும் ஆர்-1234ஒய்எப் வாயு சிதைந்தால் ஏறத்தாழ முழுவதும் டிரைபுளோரோ அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. சுருக்கமாக டி.எப்.ஏ. என்பார்கள். மழையோடு இறங்கி மண்ணிலும் நீரிலும் சேரும். நுண்ணுயிர்கள் இதை எளிதில் உடைப்பதில்லை. வேர் நீரோடு உறிஞ்சும். நீர் இலை வழியாக ஆவியாகிப் போகும்போது இது செடியிலேயே தங்கிவிடும். ஆர்-404ஏ-வுக்கு மாற்றாக விற்கப்படும் ஆர்-448ஏ, ஆர்-449ஏ கலவைகளிலும் இந்த ஆர்-1234ஒய்எப் இருக்கிறது. அவற்றின் வெப்பமாக்கும் திறனும் இன்னும் 1,400 அளவில்தான் நிற்கிறது.

ஐரோப்பாவில் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பான 'பான் யூரோப்' 2025-ல் திராட்சை ஒயின்களைச் சோதித்து வெளியிட்டது. 1988-க்கு முன் அறுவடையான பழைய ஒயின்களில் டி.எப்.ஏ. தென்படவில்லை. 2010-க்குப் பிந்தியவற்றில் வேகமாக ஏறியிருந்தது. இயற்கை முறையில் விளைந்த ஒயினிலும் இருந்தது. குளிர்பதன வாயுக்களும் புளோரின் கலந்த சில பூச்சிக்கொல்லிகளுமே இதற்கு மூலம் என்கிறார்கள்.

நாம் எத்தனை வேலி போட்டாலும், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் எத்தனை அடி இடைவெளி விட்டாலும், மழையை எப்படித் தடுப்பது?

எந்த விளைச்சலுக்கு எவ்வளவு குளிர்?

குளிரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுகிய காய் உழவனுக்கும் நட்டம், பூமிக்கும் கேடு. 2015-ல் வெளியான மத்திய அரசின் அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவன ஆய்வு, தக்காளியில் மட்டும் சுமார் 12 சதவீதம் வீணாவதாகச் சொன்னது. ராயக்கோட்டை மண்டியில் விலை விழுந்த நாட்களில் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் வேண்டியதில்லை. ஓசூர் பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி வேண்டும். பிப்ரவரி காதலர் தினத்துக்காக வெளிநாடு போகிற பூ, வெட்டியது முதல் பெங்களூரு விமான நிலையம் வரை அந்தக் குளிரிலேயே போகணும். கேரட்டும் முட்டைக்கோசும் நீண்ட நாள் இருக்க 0 டிகிரியை ஒட்டிய குளிர் கேட்கும்.

தக்காளி அப்படி இல்லை. 10 டிகிரிக்குக் கீழே போனால் சுவை கெடும், தோல் குழியும். மாங்காய்க்கு 12, 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாங்காயைக் கூழாக்கும் ஆலைகளில், கிருமிநீக்கிய பையில் அடைக்கும் கூழுக்குக் குளிர் அறையே தேவைப்படுவதில்லை. உறைநிலைக் கூழுக்குத்தான் மைனஸ் 18 டிகிரி வேண்டும். நம் மாவட்டத்தின் இரண்டு பெரிய விளைச்சலும் கடுங்குளிர் கேட்காதவை. எல்லாவற்றையும் ஒரே அறையில் 4 டிகிரியில் அடைத்தால் கரண்டும் வீண், காயும் கெடும்.

செங்கல், மணல், தண்ணீர்

ஒன்றிரண்டு நாள் தாங்கினால் போதும் என்கிற உழவருக்கு வாயுவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1980-களில் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் பெட்டி. நம் பாட்டி வீட்டு மண்பானைத் தத்துவம்தான்.

நிழலும் காற்றோட்டமும் உள்ள, தண்ணீர் கிட்டத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். செங்கல்லால் 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலத்தில் தளம் போடுங்கள். அதன்மேல் 67.5 செ.மீ. உயரத்துக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 செ.மீ. இடைவெளி விட்டு, அதில் ஆற்று மணலை நிரப்புங்கள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலோ வெட்டிவேரோ வைத்து மூடி செய்யுங்கள். முதல் நாள் சுவர், மணல், மூடி மூன்றையும் நன்றாக ஊற நனைக்கணும். பிறகு காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் போதும். சொட்டுநீர்க் குழாயை மணலின் மேல் ஓட்டிவிட்டால் அந்த வேலையும் மிச்சம். சுமார் 100 கிலோ பிடிக்கும். கோடையில் வெளியை விட 10 முதல் 15 டிகிரி வரை குறைவாக இருக்கும். உள்ளே ஈரப்பதம் 90 சதவீத அளவில் நிற்பதால் கீரையும் காயும் வாடாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது பெரிதாகக் குளிராது. ரோஜாவுக்குப் போதாது. வெங்காயம், பூண்டு வைக்கவே கூடாது, முளைத்துவிடும். மற்றபடி தக்காளி, கத்தரி, பீன்ஸ், கீரைக்கு நல்லது. காலை வெயில் ஏறுமுன் பறித்து நேராக இதில் வைத்தால் வயல் சூடு இறங்கிவிடும். அதற்குப் பிறகு குளிர் அறைக்குப் போனாலும் அங்கே கம்ப்ரசருக்கு வேலை குறையும்.

குளிர் அறைதான் வேண்டுமென்றால்

செயற்கை வாயுக்களுக்கு முன்னாலேயே இருந்த மூன்று வாயுக்கள் இன்று திரும்பி வருகின்றன.

அம்மோனியா பெரிய கிடங்குகளுக்கானது. வட இந்திய உருளைக்கிழங்குக் கிடங்குகள் பல காலமாக அதில்தான் ஓடுகின்றன. ஓசோனுக்கும் கேடில்லை, சூடும் ஏற்றாது. ஆனால் கசிந்தால் ஆளைக் கொல்லும். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மீனவக் கிராமத்து மக்கள் மூச்சு முட்டி வீட்டை விட்டு ஓடியது நினைவிருக்கும். பயிற்சி பெற்ற ஆள், கசிவுமானி, ஊரிலிருந்து தூரம் மூன்றும் இல்லாமல் அம்மோனியாவைத் தொடக் கூடாது. சிறு குழுக்களுக்கு இது ஏற்றதல்ல.

கரியமில வாயுவையே குளிர்பதனத்துக்குப் பயன்படுத்தும் இயந்திரம் ஐரோப்பியக் கடைகளில் பரவிவிட்டது. அழுத்தம் மிக அதிகம், விலையும் அதிகம்.

சிறு, நடுத்தர அறைக்குப் புரொப்பேன் பொருத்தமாகி வருகிறது. அடுப்பில் எரிகிற எல்.பி.ஜி.யின் சொந்தக்காரன். இதன் அண்ணன் தம்பியான ஐசோபியூட்டேன் (ஆர்-600ஏ) உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். தீப்பிடிக்கும் என்பதால் குறைந்த அளவே ஏற்றுகிற மாதிரி இயந்திரத்தை வடிவமைத்திருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: ஆர்-22-க்காகச் செய்த பழைய இயந்திரத்தில் 'இதையே ஏத்திக்கலாம்ணா, கேஸ் சீப்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் சுவிட்சும் வயரும் தீப்பிடிக்கும் வாயுவுக்காகச் செய்தவை அல்ல.

குளிர் அறை வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. எந்த வாயு? எத்தனை கிலோ? விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆர்-404ஏ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெப்பமாக்கும் திறன் 2,500-க்கு மேலுள்ள வாயுக்களைப் புதுக் குளிர்பதன இயந்திரங்களில் ஐரோப்பா 2020-லேயே பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

2. சுவர்ப் பலகையின் நுரையை எந்த வாயுவால் ஊதினார்கள்? அந்த நுரைக்குள்ளும் வாயு அடைபட்டிருக்கிறது. முன்பு பயன்படுத்திய எச்.சி.எப்.சி.-141பி-யை 2020 ஜனவரி முதல் இந்தியா நிறுத்திவிட்டது. சைக்ளோபென்டேனில் ஊதியதைக் கேளுங்கள்.

3. வாயுவைத் திரும்ப உருளையில் பிடிக்கும் இயந்திரம் உங்கள் மெக்கானிக்கிடம் இருக்கிறதா? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவுத் திட்டங்களில் பழுதுபார்ப்பவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. உங்கள் ஊர்த் தம்பியை அனுப்பி வையுங்கள்.

4. எப்போது, எத்தனை கிலோ ஏற்றினார் என்று அறைக் கதவிலேயே ஒரு நோட்டு தொங்கவிடுங்கள். இரண்டாம் முறை எழுத வேண்டி வந்தால் எங்கோ கசிகிறது.

5. சூரிய மின்சாரம் என்றால், பகலில் பனிக்கட்டியாகக் குளிரைச் சேமித்து இரவில் கொடுக்கும் அமைப்பு உண்டா என்று கேளுங்கள். பேட்டரிச் செலவு குறையும்.

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் திறந்துவிட்டதைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கே அன்று இது தெரியாது. ஆனால் புது கேஸ் ஏற்றுமுன், "எங்க கசியுதுன்னு பார்க்காம ஏத்தினா மறுபடியும் போயிடுமே தம்பி" என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். மறுநாள் நைட்ரஜன் உருளை கொண்டுவந்து குழாயில் அழுத்தம் ஏற்றி, இணைப்புக்கு இணைப்பு சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு நட்டு, அதிர்ந்து அதிர்ந்து தளர்ந்திருந்தது. அங்கே நுரை பூத்தது.

"இதுக்கா ரெண்டு வருசமா கேஸ் ஏத்தினோம்!" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார். இப்போது கதவில் நோட்டு தொங்குகிறது. இதுவரை ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறது. அடுத்த அறைக்குப் புரொப்பேன் இயந்திரத்துக்கு விலை கேட்டிருக்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் செங்கல் இறக்கியாகிவிட்டது, மணல் வர வேண்டும்.